திருமடைப்பள்ளி காட்டும் நல்லுணவு – பாசிப்பயறு

மார்கழித் திங்களின் வைகறைப் பொழுதில் வழிபாடு நிறைவுற்றதும், திருக்கோயில் மண்டபத்தில் காத்திருக்கும் அன்பர்களின் கைகளுக்குத் தொன்னையில் வெண்பொங்கல் வந்து சேர்கிறது. பனியில் நடுங்கிய உடலுக்கு அதன் சூடு இதமளிக்கிறது; மிளகும் இஞ்சியும் தொண்டைக்கு நலம் செய்கின்றன; நெய்யின் மணம் உள்ளத்தை நிறைக்கிறது. ஆனால், அப்பிரசாதத்தில் அரிசியோடு குழைந்து, தன் உருவம் தெரியாமல் கலந்திருக்கும் ஒரு பொருளைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. அதுவே பாசிப்பருப்பு.

இறைவனுக்குப் படைக்கப்படும் அன்னத்தில் அரிசிக்கு அடுத்த இடத்தைப் பெற்றிருக்கும் இப்பருப்பு, இன்று பல இல்லங்களில் பண்டிகை நாள்களுக்கு மட்டும் உரிய பொருளாகிவிட்டது. திருக்கோயிலில் பிரசாதமாகப் பெறும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஒன்றை, வீட்டு அடுக்களையில் மறந்துவிடுவது பொருத்தமன்று. உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்தைப் பழுதின்றிக் காக்கத் துணைசெய்யும் எளிய பொருள்களுள் பாசிப்பயறும் ஒன்று. அதன் சிறப்பையும், அதனை நாள்தோறும் உண்ணும் முறைகளையும், உண்ணும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் அறிந்துகொள்வது அன்பர்களுக்குப் பயன் தரும்.

பெயரும் பிறப்பும்

பாசிப்பயறு, பச்சைப்பயறு, சிறுபயறு எனப் பல பெயர்களால் இது வழங்கப்படுகிறது. பாசி போன்ற பச்சை நிறத் தோலோடு கூடிய முழுமணியே பயறு. அதனை உடைத்துத் தோல் நீக்கினால் கிடைக்கும் மஞ்சள் நிறப் பிளவே பாசிப்பருப்பு. இதனைப் பயத்தம்பருப்பு என்றும் சிறுபருப்பு என்றும் கூறுவர். வடமொழியில் இதற்கு முத்கம் என்று பெயர். பொங்கலை முத்கான்னம் என்று வழங்குவதும் இதனாலேயே ஆகும்.

இப்பயறு பாரத நாட்டிலேயே தோன்றியது. தக்காணப் பகுதியில் அகழ்ந்து ஆராயப்பட்ட புதிய கற்கால ஊர்களில், கரிந்த நிலையில் இப்பயற்றின் மணிகள் கிடைத்துள்ளன. எனவே, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாக இம்மண்ணின் மக்கள் இதனைப் பயிரிட்டு உண்டு வருகின்றனர் என்பது தெளிவு. இங்கிருந்தே இது சீனா, தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய கீழை நாடுகளுக்குப் பரவியது.

பண்டைய மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதை, பருப்பு வகைகளுள் பாசிப்பயற்றையே சிறந்ததாகக் கூறுகிறது. நோயுற்றுத் தேறி வருவோர்க்கும், குழந்தைகளுக்கும், முதியோர்க்கும் பாசிப்பருப்புக் கஞ்சி கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டு இல்லங்களில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஏனைய பருப்புகளைக் காட்டிலும் இது விரைவில் வேகும், எளிதில் செரிக்கும், வயிற்றில் வாயுவை மிகுதியாக உண்டாக்காது. அனுபவத்தால் முன்னோர் கண்ட உண்மை இது.

வழிபாட்டில் பாசிப்பயறு

நல்வழி என்னும் நூலின் கடவுள் வாழ்த்தில், விநாயகப் பெருமானுக்குப் படைப்பதாக ஔவையார் கூறும் நான்கு பொருள்களுள் பருப்பும் ஒன்றாகும். லலிதா சகஸ்ரநாமத்தில், பயறு கலந்த அன்னத்தில் விருப்பமுடையவள் என்னும் பொருள் தரும் திருநாமம் ஒன்று அம்பிகைக்கு அமைந்துள்ளது. எளிய உணவாகிய பொங்கலுக்கு இதனினும் மேலான பெருமை வேறு வேண்டுவதில்லை.

ஆண்டின் வழிபாட்டு நாள்களை நோக்கினால் பாசிப்பயறு இடம்பெறாத பருவமே இல்லை எனலாம். மார்கழியில் வெண்பொங்கல், ஆருத்திரா தரிசனத்தன்று அரிசி, வெல்லம், பாசிப்பருப்பு சேர்த்துச் செய்யும் திருவாதிரைக் களி, தைத் திருநாளில் சர்க்கரைப் பொங்கல், இராம நவமியன்று பானகம், நீர்மோருடன் வழங்கப்பெறும் கோசுமல்லி, நவராத்திரியின் மாலைப் பொழுதுகளில் பயற்றஞ்சுண்டல் என இது தொடர்ந்து வருகிறது.

ஒன்பது கோள்களுக்கும் ஒவ்வொரு தானியம் உரியதாகக் கூறப்படும் மரபில், புதனுக்கு உரியது பச்சைப்பயறு. புதன் தலமாகப் போற்றப்படும் திருவெண்காட்டுக்குச் செல்லும் அன்பர்கள் இதனை நன்கறிவர். புதன்கிழமைகளில் பச்சைப்பயற்றைச் சுண்டலாகச் செய்து படைத்து, பிறருக்கும் வழங்குவது பல இல்லங்களில் இன்றும் நிலவும் வழக்கமாகும்.

திருவிழாத் தொடக்கத்தில் பாலிகைகளில் நவதானியங்களை இட்டு முளைக்கச் செய்யும் சடங்கிலும் பயறு இடம்பெறுகிறது. ஆடிப்பூரத்தன்று அம்பிகையின் திருவயிற்றில் முளைகட்டிய பயற்றை வைத்துக் கட்டி, வழிபாட்டிற்குப் பின் அதனை மகப்பேறு வேண்டும் பெண்களுக்குப் பிரசாதமாக வழங்கும் வழக்கம் சில திருக்கோயில்களில் உள்ளது. உயிர் தளிர்ப்பதன் அடையாளமாக முளைப்பயற்றைக் கண்ட முன்னோரின் உள்ளம் இதில் விளங்குகிறது.

தட்டில் குறைந்தது எது?

இத்தகைய மரபை உடைய மக்களின் இன்றைய உடல்நிலை எவ்வாறு உள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 57.4 விழுக்காடு. அதாவது, திருக்கோயிலில் தீபம் ஏற்றி வரிசையில் நிற்கும் பெண்களுள் இருவரில் ஒருவர் உடலில் போதிய இரத்தமின்றிச் சோர்ந்திருக்கிறார் என்பது பொருள். மற்றொருபுறம், இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது.

இவ்விரண்டிற்கும் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, நாள்தோறும் உண்ணும் தட்டில் அரிசி மிகுந்து, பருப்பும் பயறும் காய்கறியும் குறைந்து போனமையாகும். காலையில் இட்லி அல்லது தோசை, நண்பகலில் சோறு, இரவில் மீண்டும் தோசை என உண்ணும் இல்லத்தில் வயிறு நிறைகிறது. ஆனால், தசைக்கும் இரத்தத்திற்கும் வேண்டிய பொருள்கள் நிறைவதில்லை. குழம்பில் மிதக்கும் சிறிதளவு பருப்பு போதுமானது என்னும் எண்ணம் சரியன்று. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மார்களுக்கு, பாத்திரத்தின் அடியில் உள்ள பருப்பும் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

ஐதராபாத்தில் இயங்கிவரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு உண்பவருக்குத் தானியங்கள் 250 கிராமும், பருப்பு, பயறு வகைகள் 85 கிராமும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இது ஏறத்தாழ மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவாகும். பொங்கல் செய்யும் பெரியோர் மூன்று ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு பாசிப்பருப்பு எனக் கணக்கிடுவதை இத்துடன் ஒப்பிட்டு நோக்கினால், திருமடைப்பள்ளியின் அளவும் ஆய்வுக்கூடத்தின் அளவும் ஒன்றாக அமைந்திருப்பது புலனாகும்.

அரிசியும் பருப்பும் இணையும் சிறப்பு

100 கிராம் பச்சரிசியில் உள்ள புரதம் ஏறத்தாழ 8 கிராம். அதே எடையுள்ள பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது. தோலுடன் கூடிய முழுப்பயற்றில் இது 22 கிராமுக்குச் சற்று மேற்படும். ஆயினும், அளவு மட்டும் இங்கே சிறப்பன்று, சேர்க்கையே சிறப்பு.

புரதம் என்பது பல அமினோ அமிலங்களால் ஆனது. வீடு கட்டச் செங்கல், மணல், சுண்ணாம்பு ஆகிய அனைத்தும் உரிய அளவில் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுவர் எழும்பாது. அதுபோல, உடல் தனக்குரிய தசையை ஆக்கிக்கொள்ளத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் உணவில் இருத்தல் வேண்டும். அரிசியில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் மெத்தியோனின் என்னும் அமிலம் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. எனவே, இரண்டும் ஒன்றுசேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. புலால் உண்ணாத அன்பர்கள் புரதக் குறைபாடின்றி வாழ வழிவகுப்பது இச்சேர்க்கையே ஆகும்.

வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு இது ஏறத்தாழ 46 கிராம் ஆகும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் கிடைக்கிறது. நாளில் ஒரு வேளை உண்ணும் ஒரு கைப்பிடிப் பருப்பே அன்றைய தேவையில் ஆறில் ஒரு பங்கை நெருங்குகிறது என்பதை இல்லத்தரசிகள் நினைவில் கொள்ளலாம்.

இரத்தசோகையும் பயறும்

100 கிராம் முழுப்பயற்றில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. கருவுற்ற காலத்தில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் செவ்வனே உருவாகத் துணைசெய்யும் ஃபோலேட் என்னும் சத்தும் இதில் உண்டு. ஆயினும், பயறு மட்டுமே இரத்தசோகையை நீக்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கைப்பிடிப் பயறு தருவது அதில் ஒன்றரை மில்லிகிராம் மட்டுமே. அதிலும், தாவர உணவில் உள்ள இரும்புச்சத்தில் ஒரு சிறு பகுதியையே உடல் ஏற்றுக்கொள்கிறது.

அந்தச் சிறு பகுதியைப் பெருக்கிக்கொள்ளும் வழி அடுக்களையிலேயே உள்ளது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி முதலியவற்றில் உள்ள வைட்டமின் சி, பயற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைபுரிகிறது. சுண்டலின்மீது சில துளி எலுமிச்சைச் சாறு பிழிவதும், கோசுமல்லியில் எலுமிச்சை சேர்ப்பதும் சுவைக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கங்கள் அல்ல. இதற்கு மாறாக, உண்டவுடன் அருந்தும் காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. அவற்றை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ அருந்துவது நன்று.

கருவுற்ற தாய்மார்களும் வளரிளம் பெண்களும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றி வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரைப்படி தவறாமல் உட்கொள்ள வேண்டும். பயறும் கீரையும் அம்மாத்திரைகளுக்குத் துணையே அன்றி மாற்று அல்ல. ஆடிப்பூரத்துப் பிரசாதத்தை நம்பிக்கையோடு பெறும் பெண்மணி, மாத்திரையையும் அதே நம்பிக்கையோடு உட்கொள்வாராயின் தாயும் சேயும் நலம் பெறுவர்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

பாசிப்பயற்றில் உள்ள மாவுச்சத்து அரிசியிலுள்ளதைப் போல விரைந்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலப்பதில்லை. மெல்ல மெல்லவே கலக்கிறது. முழுப்பயற்றின் தோலில் நார்ச்சத்து மிகுந்துள்ளது. 100 கிராம் முழுப்பயற்றில் ஏறத்தாழ 17 கிராம் நார்ச்சத்து இருக்க, தோல் நீக்கிய பருப்பில் 9 கிராம் அளவே எஞ்சுகிறது. ஆகவே, நீரிழிவு உள்ளவர்களுக்கும் மலச்சிக்கலால் துன்புறுவோர்க்கும் பருப்பினும் தோலுடன் கூடிய பயறே ஏற்றது.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக உணர வேண்டும். வழக்கமாக உண்ணும் சோற்றின் அளவைக் குறைக்காமல் அதன் மேல் பயற்றையும் சேர்த்து உண்டால், உணவின் அளவு கூடுமே தவிர நோய் கட்டுப்படாது. சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்து, அவ்விடத்தில் பயற்றை வைப்பதே முறை. நெய்யும் முந்திரியும் மிகுந்த பொங்கலை நாள்தோறும் உண்பதும் பொருந்தாது. பிரசாதம் தொன்னையளவே வழங்கப்படுவதில் ஓர் ஒழுங்கு உள்ளது. முன்னர் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துவதும் இதுவே.

முளைகட்டிய பயறு

பயற்றை முளைகட்டும்போது அதனுள் உறங்கிக் கிடக்கும் உயிர்ப்பொருள்கள் விழித்தெழுகின்றன. உலர்ந்த பயற்றில் மிகக் குறைவாக உள்ள வைட்டமின் சி முளைக்கும்போது பெருகுகிறது. இரும்பு, துத்தநாகம் முதலியவை உடலில் சேராமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களும் குறைவதால் செரிமானம் எளிதாகிறது.

முளைகட்டும் முறை எளிது. பயற்றைக் கல், சொத்தை நீக்கி நன்கு கழுவி, இரவு முழுவதும் நீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, மீண்டும் ஒருமுறை நல்ல நீரில் அலசி, தூய மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி வைக்க வேண்டும். துணி உலர்ந்துவிடாமல் அவ்வப்போது நீர் தெளித்து வந்தால், கோடையில் அன்று மாலையிலேயே முளை தலைகாட்டும். குளிர்காலத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

முளைப்பயற்றைப் பச்சையாக உண்பதே சிறந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இதில் எச்சரிக்கை தேவை. முளை வளர வேண்டிய ஈரமும் வெப்பமும் நோய்க்கிருமிகள் வளரவும் ஏற்றவை. விதையிலோ நீரிலோ சிறிதளவு கிருமி இருப்பினும் அது முளைகட்டும் நேரத்தில் பன்மடங்காகப் பெருகி, வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கக் கூடும். கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோர் பச்சையான முளைப்பயற்றைத் தவிர்த்து, நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். வேகவைப்பதால் வைட்டமின் சி ஓரளவு குறையினும், எலுமிச்சை பிழிந்து அதனை ஈடுசெய்துகொள்ளலாம். திருக்கோயிலில் பெறும் முளைப்பயற்றுப் பிரசாதத்தையும் இல்லத்திற்கு எடுத்துச் சென்று, நீரில் அலசி, ஆவியில் வேகவைத்து உட்கொள்வதால் அதன் புனிதம் சிறிதும் குறைவதில்லை.

அன்றாட உணவில் சேர்க்கும் முறைகள்

காலையில்: பாசிப்பயற்றை ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்துத் தோசையாக வார்க்கலாம். ஆந்திரத்தில் பெசரட்டு என வழங்கப்படும் இது, மாவு புளிக்கக் காத்திராமல் உடனே வார்க்கக் கூடியது. அரிசித் தோசைக்கு மாற்றாக வாரம் இரு நாள் இதனைச் செய்யலாம்.

நண்பகலில்: முருங்கைக்கீரை, புடலங்காய், சுரைக்காய், முட்டைக்கோசு முதலியவற்றுடன் பாசிப்பருப்பைச் சேர்த்துக் கூட்டாகச் செய்யலாம். இதில் பருப்பு பெயரளவில் இராமல், ஒருவருக்கு ஒரு கைப்பிடி என்னும் கணக்கில் இருத்தல் வேண்டும். கேரளத்து இல்லங்களில் கஞ்சியுடன் சிறுபயறு சேர்த்து உண்ணும் வழக்கமும் பின்பற்றத்தக்கது.

மாலையில்: பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைகளுக்கு, எண்ணெயில் பொரித்த பண்டங்களுக்கு மாற்றாகப் பயற்றஞ்சுண்டல் கொடுக்கலாம். பயற்றைக் குழையாமல் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் போதும். இனிப்பு விரும்பும் குழந்தைகளுக்கு வறுத்த பாசிப்பருப்பு மாவில் வெல்லமும் சிறிது நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம். 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் வேகவைத்த பயறும் கொண்டைக்கடலையும் சேர்க்கப்பட்டதன் நோக்கமும் குழந்தைகளின் புரதத் தேவையே ஆகும்.

இரவில்: பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மிளகு, சீரகம் பொடித்திட்ட கஞ்சி முதியோர்க்கு ஏற்றது. பல் இல்லாதவர்களும் இதனை எளிதில் உண்ணலாம். முதுமையில் தசை தளர்ந்து தடுமாறி விழுவதைத் தடுக்கப் புரதம் இன்றியமையாதது என்பதால், வெறும் அரிசிக் கஞ்சியினும் இதுவே மேலானது.

கோடையில்: பாசிப்பருப்பைக் கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய், எலுமிச்சைச் சாறு, உப்புச் சேர்த்துத் தாளித்தால் கோசுமல்லி ஆயிற்று. செய்தவுடனேயே இதனை உண்டுவிட வேண்டும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளவோடு இருத்தல் வேண்டும். அவர்கள் மருத்துவரைக் கலந்தே பயற்றின் அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், உணவு மாற்றத்தை நம்பித் தாமாகவே மருந்தை நிறுத்துதல் கூடாது. இதுவரை பயறு மிகுதியாக உண்டு பழகாதவர்கள் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஊறவைத்த நீரை வடித்துவிட்டு, புதிய நீரில் பெருங்காயமோ இஞ்சியோ சேர்த்து வேகவைத்தால் வயிற்று உப்புசம் குறையும்.

வாங்கும்போது மணிகள் ஒரே அளவாகவும் துளையின்றியும் இருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். துளை இருப்பின் வண்டு குடைந்தது எனக் கொள்ளலாம். பருப்பை நீரில் இட்டவுடன் நீர் அடர்ந்த மஞ்சள் நிறமாக மாறினால் செயற்கைச் சாயம் ஏற்றப்பட்டதோ என ஐயுற்று, அதனைத் தவிர்ப்பது நன்று. வெயிலில் நன்கு உலர்த்தி, ஈரமற்ற மூடிய கலத்தில் உலர்ந்த வேப்பிலையுடன் வைத்தால் பயறு நெடுநாள் கெடாதிருக்கும்.

மண்ணுக்கும் நலம்

பாசிப்பயறு உண்பவருக்கு மட்டுமன்றி, விளையும் மண்ணுக்கும் நன்மை செய்கிறது. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றித் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. இதனால் அடுத்த பயிருக்கு இடவேண்டிய உரம் குறைகிறது. காவிரிப் படுகையில் சம்பா அல்லது தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னதாகவே, நிற்கும் பயிரினூடே பயறு விதைக்கப்படுகிறது. வயலில் எஞ்சியுள்ள ஈரத்தையும் பனியையும் கொண்டே இது வளர்ந்து, ஏறத்தாழ 65 முதல் 75 நாள்களில் பலன் தந்துவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் அமைந்துள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம், உழவர்களுக்கு ஏற்ற பயறு வகைகளை உருவாக்கி வழங்கி வருகிறது.

பயறு வகைகளின் பெருமையை உலகுக்கு உணர்த்த, ஐக்கிய நாடுகள் அவை 2016ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்தது. தற்போது ஆண்டுதோறும் பிப்ரவரி 10ஆம் நாள் உலகப் பயறு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழகத்தின் திருமடைப்பள்ளிகளோ ஆண்டு முழுவதும் அப்பெருமையை ஓசையின்றிப் போற்றி வருகின்றன.

நிறைவாக

இறைவனுக்குப் படைத்த உணவு பிரசாதமாகிறது. அப்பிரசாதம் நாவுக்குச் சுவையும் உள்ளத்திற்கு அமைதியும் தருவதோடு, வாழ்வுக்கு ஒரு நெறியையும் காட்டுகிறது. அரிசி தனித்து நிற்காமல் பருப்போடு சேர வேண்டும். அளவோடு உண்ண வேண்டும். பகிர்ந்து உண்ண வேண்டும் என்பனவே அந்நெறி.

புதன்கிழமை ஒரு நாளேனும் இல்லத்தில் பச்சைப்பயற்றைச் சுண்டலாகச் செய்து, இறைவனுக்குப் படைத்து, வீட்டிலுள்ள அனைவரும் உண்டு, அண்டை வீட்டுக் குழந்தைக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கும் வழக்கத்தை அன்பர்கள் மேற்கொள்ளலாம். அவ்வழக்கம் சில வாரங்களில் வாரம் மும்முறை ஆகும். பின்னர் நாள்தோறும் ஆகும். அன்று அடுக்களையில் உழைத்த தாயின் தட்டிலும் எஞ்சியது அன்றி, உரிய பங்கு முழுமையாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ளோர் அனைவரின் கடமை. அம்பிகை விரும்பி ஏற்கும் அன்னம் இல்லத்து அன்னையின் தட்டிலும் நிறையும்போது வழிபாடு முழுமை பெறுகிறது. அத்தகைய இல்லங்களில் நோய் குறைந்து நலம் பெருக இறையருள் துணைநிற்கும்.